தெரியாத மறைகோப்பைக் கண்டதும் செய்யக் கூடாதவை

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகள் மறைகோப்புகளைக் காட்டும் வசதியை முதன்முறையாக இயக்கியதும், திரையில் மங்கலாகத் தோன்றும் புதிய பெயர்களைக் கண்டு, தொடக்கத்தில் நான் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். வைரஸ் தடுப்பைப் புதுப்பிப்பது, நகல் எடுத்து வைப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு கோப்பு மறைந்திருப்பது சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளையே ஆயிரக்கணக்கில் மறைத்து வைக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் பெயர் புள்ளியில் தொடங்கினாலே கோப்பு கண்ணில் படாது. அடையாளம் காண்பது என்றால், எந்த நிரல் அதை உருவாக்கியது, அது போனால் வீட்டாருக்கு எது போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அந்த விடை கிடைக்கும் முன்பே கை வைப்பதால் வருபவை.

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது

2001-இல் சல்ஃப்என்பிகே.இஎக்ஸ்இ என்ற கோப்பு ஒரு வைரஸ் என்றும், 2002-இல் கரடிப் பொம்மைச் சின்னம் கொண்ட ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ ஒரு வைரஸ் என்றும் மின்னஞ்சல்கள் உலகம் முழுவதும் சுற்றின. இரண்டும் விண்டோஸுடன் வந்த முறையான கோப்புகள். தேடிப் பார்த்தவர்களின் கணினியில் அவை உண்மையிலேயே இருந்ததால், மின்னஞ்சல் சொன்னது சரிதான் என்று நம்பிப் பலர் தங்கள் கையாலேயே அழித்தார்கள். பெயர் பொருந்துவது எதற்கும் சான்று ஆகாது என்பதை இன்றும் நான் இந்த இரண்டை வைத்துத்தான் விளக்குகிறேன்.

பெயருக்கு முன்பு இருப்பிடத்தைப் பாருங்கள். விண்டோஸின் பின்னணிச் சேவைகளை இயக்கும் எஸ்விசிஹோஸ்ட்.இஎக்ஸ்இ, விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32-க்குள் இருந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதே பெயர் டவுன்லோட்ஸ் கோப்புறையிலோ தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவிலோ இருந்தால் விசாரிக்க வேண்டும். அடுத்து, ப்ராபர்ட்டீஸ் சாளரத்தில் டிஜிட்டல் கையொப்பம் (கோப்பை யார் வெளியிட்டார் என்பதற்கான சான்று) என்ற பகுதி இல்லாததால் மட்டும் போலி என்று சொல்லிவிடக் கூடாது. விண்டோஸின் பல கோப்புகளுக்குக் கையொப்பம் அந்தக் கோப்பிலேயே இராமல் தனியான கேட்டலாக் கோப்பில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள சிக்செக் என்ற சிறு கருவி இரண்டையும் சரிபார்த்துச் சொல்லும்.

நீட்டிப்பு மறைந்திருக்கும்போது ஆராய்வது

கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வந்து கோப்பின் வகையைச் சொல்வதே நீட்டிப்பு. முதலில் அதைக் காட்டச் செய்யுங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பரவிய ஐலவ்யூ புழு, வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்று முடிவது போலத் தோன்றி, உண்மையில் இயங்கும் நிரலைக் குறிக்கும் விபிஎஸ் என்று முடிந்தது.

இன்னதென்று தெரியும் முன்பே அழிப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், இன்றும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

அல்சூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வேலூரிலிருந்து கொண்டுவந்த பழைய குடும்பப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, படங்களை அடுக்கவும் திருத்தவும் கூகுள் தந்த பிகாசா மென்பொருளில் ஆல்பம் ஆல்பமாக அடுக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைத்திருந்தார். பின்னர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லு வகைச் சேமிப்பு வட்டு) உள்ள புது மடிக்கணினி வாங்கியபோது, அவருடைய அக்காள் மகன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுத்தான். பழைய கணினியை எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள். புதியதில் இடம் குறைவாக இருக்கவே, அந்தப் பையன் மறைகோப்புகளைக் காட்டச் செய்து பார்த்தான். ஒவ்வொரு ஆல்பத்துக்குள்ளும் ".பிகாசாஒரிஜினல்ஸ்" என்ற மறைகோப்புறை ஒன்று இருந்தது, அதற்குள் வெளியே இருந்த அதே பெயர்களில் படங்கள் இருந்தன. கூடவே ".பிகாசா.ஐஎன்ஐ" என்ற சிறு கோப்பும் இருந்தது. எல்லாவற்றையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டான். "மாமா, எல்லாப் படமும் ரெண்டு ரெண்டா இருந்துச்சு, ஒண்ணை எடுத்துட்டேன்" என்று அவன் சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. உதவி செய்யத்தான் நினைத்தான்.

அவன் அழித்தவை நகல்கள் அல்ல. பிகாசாவில் ஒரு படத்தை வெட்டியோ நிறம் திருத்தியோ சேமித்தால், திருத்திய படம் பழைய பெயரிலேயே வெளியே நிற்கும். தொடாத மூலப்படம் அந்த மறைகோப்புறைக்குள் போய்விடும். ஆசிரியர் சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் பல படங்களை மணமக்கள் மட்டும் இருக்கும்படி வெட்டியிருந்தார். ஓரத்தில் நின்ற அத்தைகளும் சித்தப்பாக்களும் குழந்தைகளும் இருந்தது மூலப்படங்களில் மட்டுமே. அச்சுப் படங்களோ ஊரில் தம்பி வீட்டு அலமாரியில் கரையான் அரித்துப் போயிருந்தன. முகங்களுக்கு எழுதிய பெயர்கள் ஐஎன்ஐ கோப்புகளோடு போயின. அவற்றில் சிலரை அடையாளம் சொல்லக்கூடியவர் இப்போது யாரும் உயிரோடு இல்லை.

மடிக்கணினி என்னிடம் வந்தபோது மீட்பு மென்பொருளால் பயன் இருக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பின் தரவு, வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை: கோப்பை அழித்ததுமே இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையின் வழியாக வட்டுக்குச் சொல்லிவிடுகிறது, வட்டும் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவற்றைத் துடைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கத்தில், அழித்தாலும் மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பையன் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய வேலை. உள்ளே ஒரு படத்தையும் வெளியே அதே பெயருள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து அகல உயரத்தை ஒப்பிட்டிருந்தாலே, இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்கும். ஐஎன்ஐ கோப்பு நோட்பேடில் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புதான். அதில் சதுர அடைப்புக்குள் படத்தின் பெயர் இருக்கும். அதன் கீழே வெட்டிய அளவும், முகம் இருக்கும் கட்டத்தின் எண்களும், அந்த முகத்துக்கு உரிய குறியீடும் இருக்கும். தொடர்புகள் என்ற பகுதியில் அந்தக் குறியீட்டுக்கு நேராக அத்தையின் பெயரே எழுதப்பட்டிருக்கும். திறந்திருந்தால் சொந்தப் பாட்டியின் பெயரையே படித்திருப்பான்.

கூகுள் 2016 மார்ச்சில் பிகாசாவைக் கைவிட்டது; இந்தப் புது மடிக்கணினியில் அந்த மென்பொருள் நிறுவப்படவே இல்லை. நிரல் இல்லை என்பதால் அதன் கோப்பு அனாதையாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. நிரல் போன பின்பும் மனிதர் உழைத்த உழைப்பு அந்தக் கோப்பில்தான் இருக்கும். ஆகவே என்னிடம் கற்பவர்களுக்கு நான் விதித்திருக்கும் முறை இது: இடம் வேண்டுமானால் சந்தேகமானதை அதன் கோப்புறை அமைப்பு கலையாமல் வெளி வட்டு ஒன்றுக்கு நகர்த்துங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், வீட்டார் சில மாதங்கள் கணினியைப் பயன்படுத்திய பிறகு, அவர்களைக் கேட்டு, அவர்கள் முன்னிலையில் மட்டும் அழியுங்கள்.

பெரிய கோப்பு எல்லாம் குப்பை என்று எண்ணுவது

சி டிரைவின் வாசலிலேயே பல ஜிபி அளவில் நிற்கும் ஹைபர்ஃபில்.சிஸ், கணினி ஹைபர்னேட் ஆகும்போது, அதாவது திறந்திருப்பவற்றைக் காத்து வைத்துவிட்டு அணையும்போது, நினைவகத்தில் உள்ளதை எழுதி வைக்கும் இடம். விண்டோஸ் 10-இல் இது வழக்கமாக நினைவகத்தின் 40 விழுக்காடு அளவு இருக்கும். 16 ஜிபி நினைவகம் என்றால் 6 ஜிபிக்கு மேல். வேகத் தொடக்க வசதியும் இதையே நம்பியிருக்கிறது. வேண்டாம் என்றால் நிர்வாகி உரிமையுடன் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை நிறுத்துங்கள். கோப்பு தானாகவே போய்விடும். பக்கத்தில் உள்ள பேஜ்ஃபைல்.சிஸ் மெய்நிகர் நினைவகத்துக்கு, அதாவது நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, உரியது, அதை விட்டுவிடுங்கள்.

இருமுறை சொடுக்கித் திறந்து பார்ப்பது

வேண்டவே வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அதை இயக்கத் தேவையில்லை. முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலை நோட்பேடிலோ, ஹெக்ஸ் (கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக) காட்டும் கருவியிலோ திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். எம்இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது இயங்கும் நிரல். டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. பிகே என்று தொடங்கினால் ஜிப். ஃபில் கட்ஸின் பெயரெழுத்துகள். இன்றைய வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அவையும் பிகே என்றே தொடங்கும். எஸ்க்யூலைட் ஃபார்மட் 3 என்று முழுதாக எழுதியிருந்தால் அது ஒரு தரவுத்தளம். குரோம் பிரவுசரின் வரலாறும் சேமித்த கடவுச்சொற்களும் இப்படிப்பட்ட கோப்பில்தான் இருக்கின்றன. பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்துவிட்டால் எழுத்து அல்லாத எந்தக் கோப்பும் கெட்டுப்போகும்.

தேதியை நம்புவது

ஒரு கோப்பை நகலெடுத்தாலே உருவாக்கிய தேதி அன்றைய தேதியாக மாறிவிடும். திருத்திய தேதி பழையதாகவே இருக்கும். தேதியை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்காதீர்கள்.

முழுக் கோப்பையும் வைரஸ்டோட்டலில் ஏற்றுவது

ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் இணையதளமான வைரஸ்டோட்டல் மிகப் பயனுள்ள சேவை. ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு, பாதுகாப்பு நிறுவனங்களோடும் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களோடும் பகிரப்படுகிறது. பெயர் புரியாத மறைகோப்பு என்று ஏற்றியது அப்பாவின் வருமான வரிக் கணக்கின் தற்காலிக நகலாக இருந்தால், அதைத் திரும்பப் பெற வழி தேடி அலைய வேண்டியதாகும். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை தரும் 64 எழுத்துகள் கொண்ட ஹாஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை) மட்டும் அங்கே தேடிப் பாருங்கள். வேறு யாராவது அதே கோப்பை முன்பே ஏற்றியிருந்தால் முடிவு தெரியும். எதுவும் வராவிட்டால் அந்தக் கோப்பு அங்கே இதுவரை ஏறவில்லை என்றுதான் பொருள். அதை ஆபத்தற்றது என்ற சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலியாகத் தெரியும் பென்டிரைவை ஃபார்மட் செய்வது

ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுத்துக்கொண்டு வந்த பென்டிரைவை வீட்டில் செருகினால், கோப்புறைகள் இருந்த இடத்தில் ஷார்ட்கட்கள் மட்டும் தெரியும். கோப்புகள் போய்விட்டன என்று பலர் உடனே ஃபார்மட் செய்கிறார்கள். அதற்கு முன்பு ப்ராபர்ட்டீஸில் பயன்பட்ட இடம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மூன்று ஜிபி காட்டினால் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. இந்த வகை வைரஸ், கோப்புறைகளின் மீது மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு பண்புகளையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னாலும் சிஸ்டம் பண்பு உள்ளவை வெளியே வராததற்குக் காரணம், அதற்கு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் தனி அமைப்பு ஒன்று இருப்பதே. ஷார்ட்கட் எதையும் தொடாமல், கட்டளைச் சாளரத்தில் அட்ரிப் கட்டளையால் இரண்டு பண்புகளையும் நீக்கினால் கோப்புறைகள் பழையபடி தெரியும். வைரஸ் சோதனை செய்து, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறு இடத்தில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.