உள்ளே போகாத ஆறு மில்லிமீட்டர்: மலையில் பிளம்பிங் கற்றுத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஆகஸ்ட் வாக்கில் பிளம்பர் பிரிவில் சேரும் பிள்ளைகள் அளவெடுத்து, அறுத்து, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மரை போட்டுப் பழகி, சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஒட்ட உட்காரும்போது மார்கழி வந்துவிடும். ஊட்டியிலும் கேத்தியிலும் அந்த மாதத்துக் காலை நேரத்தில் பட்டறையின் இரும்பு மேசையில் கை வைக்க முடியாது. சமவெளி வெயிலுக்கு எழுதிய செய்முறையை அந்தக் குளிரில் வரிக்கு வரி நடத்தினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆண்டுதோறும் ஆகிறது. ஆசிரியர் மாணவராக இருந்தபோது செய்த அதே தவறுகள், இப்போது அவர் எதிரிலேயே புதுக் கைகளில்.

டேப்பைத் தப்பாகப் படிப்பது, ஸ்பேனரை மாற்றி எடுப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. இரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும். மாணவர் செய்து, ஆசிரியர் கண்ணுக்கும் தப்பி, ஒரு வீட்டுச் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் தவறுகள் வேறு.

குளிர்ந்த பைப்பில் மழுங்கிய கட்டர்

ராட்செட் கட்டர் வேகமானது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் குளிரில் சி.பி.வி.சி. விறைத்துப்போகும். மழுங்கிய பிளேடு அழுத்தும்போது முனையிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று உள்ளே ஓடும். வெட்டிய முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். விரிசல் தெரிந்தால் அது முடியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பட்டறையில் ஹாக்ஸா பிளேடு மட்டும் போதும். கட்டரைப் பூட்டியே வைக்கலாம்.

காய்ந்த நிலையில் செருகிப் பார்த்து அடையாளம் போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இதுதான், ஏனென்றால் பல இடங்களில் இதைச் சரியான முறை என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மாணவர் சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவுவதற்கு முன் பைப்பை எல்போ என்ற வளைவுத் துண்டுக்குள் செருகிப் பார்க்கிறார். நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுகிறார். பிறகு சொல்யூஷன் தடவி, அந்தக் கோடு வரை தள்ளி, கையை எடுத்துவிடுகிறார். வெளியே மஞ்சள் வளையம் அழகாகத் தெரிகிறது. ஆசிரியர் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுகிறார்.

அந்தக் கோடே தப்பு. சி.பி.வி.சி. ஃபிட்டிங்கின் (எல்போ போன்ற இணைப்புத் துண்டின்) வாய் உள்ளே போகப் போகக் குறுகும். காய்ந்த பைப் அதற்குள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் போய் இறுகும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தங்குதடையின்றி அடிவரை போனால் ஃபிட்டிங்கோ பைப்போ அளவில் தப்பு என்று பொருள். அரை அங்குல ஃபிட்டிங்கின் வாய் ஆழம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்துக்கு 18, ஒரு அங்குலத்துக்கு 23. அரை அங்குலத்தில் காய்ந்த பைப் 7 மில்லிமீட்டரில் நின்றால், அங்கே போட்ட கோட்டை நம்புகிறவர் 6 மில்லிமீட்டரை வெளியிலேயே விட்டுவிடுகிறார். அதுவும் சாதாரண 6 மில்லிமீட்டர் அல்ல. பைப்பும் ஃபிட்டிங்கும் நெருக்கி உரசி ஒன்றோடொன்று கரைந்து ஒட்டும் இடமே அந்த அடிப்பகுதிதான். வாய்ப்பக்கம் அகலமானது, அங்கே சொல்யூஷன் இடைவெளியை நிரப்புகிறதே தவிர இரண்டையும் ஒன்றாக்குவதில்லை.

குளிர் இதை இரண்டு மடங்காக்குகிறது. ஈரமான சொல்யூஷன் எண்ணெய் மாதிரி வழுக்கும். குறுகலான வாய் பைப்பை வெளியே தள்ளும். வெயில் காலத்தில் சொல்யூஷன் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 8, 10 டிகிரியில் மெல்லத்தான் பிடிக்கும். அதனால் அடிவரை ஒழுங்காகத் தள்ளியவர்கூட உடனே கையை எடுத்தால், பைப் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடும். அவர் அடுத்த இணைப்புக்குப் போயிருப்பார், பார்த்திருக்க மாட்டார்.

இப்படி ஒட்டிய இணைப்பு அன்றைக்கே ஒழுகினால் நல்லது. ஒழுகாது. பிரஷர் டெஸ்டிலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். சுவர் பூசி, டைல்ஸ் ஒட்டி, கீசர் ஓட ஆரம்பித்த பிறகுதான் வேலையைக் காட்டும். ஊட்டியில் காலைத் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கீசரிலிருந்து 60 டிகிரியில் வெந்நீர் வந்தால், 3 மீட்டர் பைப் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீள முயலும், ஆறியதும் சுருங்கும். தினமும் காலையும் மாலையும் இந்த இழுப்பு. அடிவரை ஒட்டிய இணைப்பு தாங்கும். பாதியில் நிற்பது சில மாதத்தில் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் மலை வீடுகளில் எல்லாச் சுவருமே ஈரமாக இருப்பதால், வீட்டுக்காரர் கசிவைக் கசிவென்றே அறியாமல் ஓர் ஆண்டு ஓட்டிவிடுவார். கடைசியில் ஒரு எல்போவுக்காக நாலு டைல் உடைபடும், அதே நிறத்தில் டைல் கடையில் கிடைக்காது.

கற்றுத்தர வேண்டிய முறை இது. ஃபிட்டிங்கின் வாய் ஆழத்தை ஸ்கேலை உள்ளே விட்டு அளக்கச் சொல்லுங்கள். பைப்பில் முனையிலிருந்து அந்த ஆழத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் சரியாக 25 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. முதல் கோடு சொல்யூஷனில் கரைந்து மறைந்துவிடும், இரண்டாவது நிற்கும். ஒட்டி முடித்ததும் ஃபிட்டிங்கின் உதட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு 25 இருக்க வேண்டும். 28 இருந்தால் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, வெட்டியெறிந்துவிட்டு வேறு ஒட்ட வேண்டும். ஆசிரியருக்கும் ஒரு ஸ்கேல் வைத்து நொடியில் சோதிக்க முடிகிறது.

வெட்டிய முனையின் பிசிறை உள்ளும் புறமும் எடுத்து, வெளிவிளிம்பை லேசாகச் சரித்துச் சீவ வேண்டும். மஞ்சு இறங்கிய நாளில் பைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். சொல்யூஷன் பைப்பின் மேல் தாராளமாக, ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாக. தலைகீழாகத் தடவினால் மிச்ச சொல்யூஷன் உள்ளே குட்டையாகத் தேங்கிப் பைப்பின் சுவரையே அரிக்கும். கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே அடிவரை தள்ளி, அழுத்திப் பிடிக்க வேண்டும். சாதாரண நாளில் 30 நொடி. மார்கழியில் முழு ஒரு நிமிடம், ஆசிரியர் வாய்விட்டு எண்ணட்டும். முப்பதைத் தாண்டும்போது பிள்ளைகளின் விரல் தானாகத் தளர்வதைப் பார்க்கலாம்.

வெளி வளையத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, மறுநாள் இணைப்பை வைஸில் பிடித்து நீளவாக்கில் ஹாக்ஸாவால் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். நன்றாக ஒட்டியதில் பைப் எங்கே முடிகிறது, ஃபிட்டிங் எங்கே தொடங்குகிறது என்று ஸ்க்ரூடிரைவர் நுனியால் தேடினாலும் பிரியாது. பாதியில் நின்றதில் அடியில் ஒரு பள்ளம் வெறுமையாக இருக்கும். சொல்யூஷன் படாத இடம் பளபளவென்று தனியாகத் தெரியும். தன் கையால் ஒட்டியதில் அந்தப் பள்ளத்தைப் பார்த்த மாணவரிடம் இந்தப் பாடத்தை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

சொல்யூஷனை அடுப்பில் காட்டுவது

குளிரில் கெட்டியாகிவிட்டது என்று டப்பாவை அடுப்பருகே கொண்டுபோகிறார்கள். அதிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும். இரவில் டப்பாவை அறைக்குள் வைத்தாலே போதும். தேவைப்பட்டால் அடுப்பை விட்டுத் தள்ளி, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் மூடியோடு சற்று நேரம் நிற்க வைக்கலாம். ஜெல்லி போல ஆகிவிட்டால் தின்னர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

யு.பி.வி.சி. (வெந்நீருக்கு ஆகாத வேறு பிளாஸ்டிக் பைப்) சொல்யூஷனை சி.பி.வி.சி.க்குத் தடவுவது

கூடாது.

மரையை அளவுக்கு மீறி ஓட்டுவது

எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னும் ஜி.ஐ. பைப்தான் நிறைய, ஆகவே மரை போடுவது பழங்கதை அல்ல. பைப்பின் முனை மரை வெட்டும் டையின் முகப்போடு சமமாக வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால் சரிவு மரை நேர் மரையாகி, ஃபிட்டிங் இறுகாமல் சுற்றிக்கொண்டே உள்ளே போகும். பிறகு எவ்வளவு சணல் சுற்றினாலும் பயனில்லை.

மோட்டார் ஏழு மீட்டர் உறிஞ்சும் என்று போர்டில் எழுதுவது

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் வரை தூக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் முக்கால் பங்கு சொச்சம்தான், கணக்குப்படியே 7.9 மீட்டர்தான் ஏறும். பைப் உரசல், ஃபுட் வால்வு (உறிஞ்சும் பைப்பின் அடிமுனை வால்வு) எல்லாம் கழித்தால் 5 மீட்டருக்கு மேல் மோனோபிளாக் மோட்டாரை நம்பக் கூடாது. சமவெளிக் கணக்கில் 7 மீட்டர் மேலே மோட்டாரை வைத்துவிட்டு, ஃபுட் வால்வு கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

காற்றைவிட்டு டெஸ்ட் பண்ணுவது

சி.பி.வி.சி. லைனில் கம்ப்ரெஸர் காற்றை ஏற்றவே கூடாது. இணைப்பு விட்டால் துண்டு தெறித்துக் கண்ணில் பாயும். தண்ணீர் மட்டும், அதுவும் உச்சியிலுள்ள வாயைத் திறந்துவைத்து உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறும் வரை நிரப்ப வேண்டும். கீசர் இடத்தில் குளிர், வெந்நீர் இரண்டு லைனையும் ஒரு துண்டுப் பைப்பால் இணைத்தால் இரண்டும் ஒரே டெஸ்டில் முடியும். மலைச்சரிவில் டேங்க் 45 மீட்டர் மேலே இருந்தாலே குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு நாலரைக் கிலோ அழுத்தம் நிற்கும், அதனால் 10 கிலோ ஏற்றி ஒரு மணி நேரம் வைப்பது அதிகமல்ல.

கடைசி இணைப்பு ஒட்டி 24 மணி நேரம் கழித்துத்தான் டெஸ்ட். உறைபனி நாளில் 48. ஏற்றியதும் கேஜ் கொஞ்சம் இறங்கும், பைப் அழுத்தத்தில் சற்று விரிவதால். கால் மணி கழித்து மறுபடி 10க்கு ஏற்றி, அதிலிருந்து நேரம் பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் முள் இறங்கினால் குளிர் மேல் பழி போடாமல் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

வெளிச்சுவரில் திறந்த லைன்

தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல் வெள்ளையாகும் காலையில் பைப்புக்குள் நிற்கும் தண்ணீரும் உறையும், உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும். இதற்கு வழி, மண்ணில் ஒன்றரை அடி புதைப்பது, மேலே வரும் பகுதிக்கு ஃபோம் உறை, லைனின் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் குழாய். வெளியூர் போகும் வீட்டுக்காரருக்கு அந்தக் குழாயை எப்படித் திறப்பது என்பதையும் மாணவரே காட்டித் தர வேண்டும், மேலே உள்ள ஒரு டேப்பைத் திறந்து காற்று விட்டால்தான் தண்ணீர் முழுக்க வடியும் என்பதைச் சேர்த்து.