2147483647 ஒரு பகா எண் என்பதைக் கையாலேயே நிறுவும் முறை

2³¹ − 1 என்பதன் மதிப்பே 2147483647. இது பகா எண் என்று கணிதவியலாளர் ஆய்லர் 1772இல் நிறுவினார். பொறுமை இருந்தால் அதே கணக்கைத் தாளில் நாமும் செய்யலாம்.

இதன் வர்க்கமூலம் 46341ஐவிடச் சற்றே குறைவு. ஆகவே இது பகு எண்ணாக இருந்தால் 46340க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். அந்த எல்லைக்குள் 4792 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுப்பது வீண் உழைப்பு.

‘க’ என்னும் பகா எண் இதை வகுக்கிறது என்று கொள்வோம். அப்போது 2³¹ஐக் ‘க’வால் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய எந்த அடுக்கும் மீதி 1 தராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ‘க − 1’ என்னும் அடுக்கும் மீதி 1 தருவதால், ‘க − 1’ 31ஆல் வகுபட வேண்டும், இரட்டை எண் என்பதால் 62ஆலும் வகுபட வேண்டும். மேலும், 2¹⁶இன் வர்க்கமான 2³² மீதி 2 தருகிறது. ஒரு வர்க்கம் மீதி 2 தர வேண்டுமானால் ‘க’வை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதியாக வர வேண்டும் என்பது தெரிந்த தேற்றம். இரண்டையும் இணைத்தால், ‘க’வை 248ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 மட்டுமே. நான் மிகவும் விரும்பும் படி இதுதான்: ஒரு வகுத்தலும் செய்யாமலே 4792 என்பது அதிகபட்சம் 372 ஆகச் சுருங்கிவிடுகிறது. (2¹¹ − 1 = 23 × 89 என்பதில் இதைச் சோதித்துப் பாருங்கள்: இரு காரணிகளிலும் 1ஐக் கழித்தால் 22ஆல் வகுபடும்.)

பட்டியலிலுள்ள பகு எண்களையும் நீக்குங்கள். 249 மூன்றாலும், 497 ஏழாலும், 559 பதின்மூன்றாலும் வகுபடும். எஞ்சுவனவற்றில் முதலாவது 311, அடுத்தது 1303.

இனி மீதிகளை மட்டும் கொண்டு கணக்கிடுங்கள். 311ஆல் வகுக்க, 2⁸ = 256 என்பதை −55 என்று கொள்ளலாம்; அதன் வர்க்கம் 3025, அதாவது −85. இவ்விரண்டின் பெருக்கம் 4675, மீதி 10. அதை 2⁷ஆல் பெருக்க 1280, மீதி 36. எனவே 2³¹ − 1க்கு மீதி 35, 311 காரணியன்று.

தவறாகக் கணக்கிட்ட மீதியும் பூச்சியமல்லாத எண்ணாகவே தோன்றும் என்பதால், ஒவ்வொன்றையும் வேறு வழியில் சரிபார்ப்பது கட்டாயம். 311ஆல் வகுக்கையில் 2¹⁰க்கு மீதி 91, 2²⁰க்கு 195, 2³⁰க்கு 18. இரட்டிப்பாக்கினால் அதே 36.

பட்டியலின் இறுதியில் 46191 மூன்றால் வகுபடும், 46129 = 163 × 283. ஆகவே கடைசியாக வகுக்க வேண்டிய எண் 45943. அதற்கு மீதி 15941 வரும்போது நிறுவல் முடிகிறது.