மூடுபனியில் விழும் நிழலில் ஏறி நடக்கலாம்: கொடைக்கானலை வைத்து ஒரு பிளாட்ஃபார்ம் கேம் செய்முறை

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் முதுகுப் பக்கம் வெயில் அடிக்க, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் ஏறி நிற்கும் வேளையில் போய் நில்லுங்கள். உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழும். ஆளை விடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையமும் இருக்கும். ப்ராக்கன் ஸ்பெக்டர் என்பது இதன் பெயர். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வளையம் அவருடைய தலையைச் சுற்றித்தான் தெரியும்.

அந்த நிழல் கெட்டியாகி, அதன்மேல் கால் வைக்க முடிந்தால் என்ன ஆகும்? ஓடிக் குதித்துத் திட்டுகளைத் தாண்டும் ஒரு பிளாட்ஃபார்ம் கேம் செய்ய இந்தக் கேள்வி போதும்.

விசித்திரமான பிளாட்ஃபார்ம் கேம்கள் மனதில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் படம் விசித்திரமாக இருப்பது மட்டுமல்ல. 2008ல் வந்த பிரெய்டில் காலத்தைப் பின்னால் ஓட்டலாம், அதனால் சாவு என்பதற்கே அர்த்தம் மாறிவிடுகிறது. 2012ல் வந்த ஃபெஸில் தட்டையான உலகத்தை 90 பாகை திருப்பினால், எட்டாத தூரத்தில் இருந்த இரண்டு திட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. 2005ன் சைக்கோநாட்ஸில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மனிதரின் மனதுக்குள் நடக்கிறது, அவர் மனம் எப்படியோ அப்படியே தரையும் சுவரும். எல்லாவற்றிலும் பார்த்தால் மாறியிருப்பது ஒரே ஒரு விதி. ஓடுவது, குதிப்பது, விழுவது எல்லாம் நமக்குப் பழகியபடியே இருக்கும். அந்த ஒரு விதியை மட்டும் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருப்பார்கள். புதிதாகச் செய்பவர்கள் அநேகமாக இதற்கு நேர்மாறாகப் போகிறார்கள்: பத்து சக்திகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். அப்படிச் செய்தால் விளையாடுபவர் எதையும் தன் கையில் பிடித்ததாக உணர மாட்டார்.

இங்கே நம் விதி: மூடுபனியில் விழும் நிழல் 3 விநாடிக்குத் தரையாகும். இதற்கு மேல் வேறு விதி சேர்க்காதீர்கள்.

முதலில் குதி சரியாக வரட்டும்

கேம் செய்யும் மென்பொருளான கோடாட் 4 இலவசம். அதன் 'கம்பாட்டிபிலிட்டி' ரெண்டரர் (திரையில் படம் வரையும் பகுதி) ஓப்பன்ஜிஎல் 3.3 உள்ள பழைய லேப்டாப்பிலும் ஓடும். திரை 320×180 பிக்ஸல், ஒரு டைல் (தரையும் சுவரும் அடுக்கும் சதுரத் துண்டு) 16 பிக்ஸல், பிக்ஸல்கள் மங்காமலிருக்க டெக்ஸ்சர் ஃபில்டர் 'நியரெஸ்ட்'. 4 மடங்கு பெரிதாக்கினால் 1280×720 கிடைக்கும். நாயகி தலையில் சுமை வைத்து நடக்கும் ஒரு சிறுமி, 12 பிக்ஸல் அகலம், 20 பிக்ஸல் உயரம். அவளுக்கு கேரக்டர்பாடி2டி, அதாவது நடமாடும் பாத்திரத்துக்கான கோடாட் நோட்.

ஈர்ப்பு விசையைக் குத்துமதிப்பாகப் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் என்று முடிவுசெய்துகொண்டு கணக்கிலிருந்து எடுங்கள். உயரம் 52 பிக்ஸல், உச்சி நேரம் 0.36 விநாடி என்றால்:

ஈர்ப்பு = 2 × 52 ÷ (0.36 × 0.36) = 802
குதி வேகம் = 2 × 52 ÷ 0.36 = 289 (கோடாடில் மேலே போவது மைனஸ், ஆகவே −289)

இறங்கும்போது ஈர்ப்பை 1156 ஆக்குங்கள், 0.30 விநாடியில் தரைக்கு வந்துவிடுவாள். ஏற்றத்தை விட இறக்கம் வேகமாக இருந்தால்தான் கைக்குள் அடங்கிய குதியாகத் தோன்றும். ஓட்டம் விநாடிக்கு 110 பிக்ஸல். காற்றில் இருப்பது மொத்தம் 0.66 விநாடி, எனவே ஒரு குதியில் 72 பிக்ஸல் தாண்டுவாள், அதாவது நாலரை டைல். நிழல் இல்லாமல் தாண்ட வேண்டிய பள்ளம் எதுவும் 4 டைலுக்கு மேல் போகக்கூடாது. 3 இருந்தால் சுகம்.

மூன்று டைல் உயரம் என்பது 48 பிக்ஸல்தானே, ஏன் 52 என்று கேட்கலாம். விநாடிக்கு 60 முறை படி படியாகக் கணக்கிடுவதால், ஈர்ப்பைக் கூட்டிவிட்டு நகர்த்தும் வழக்கமான முறையில் உச்சி 2 பிக்ஸலுக்கும் சற்று மேலே குறைந்துவிடும். சரியாக 48 என்று போட்டால் கிடைப்பது 46க்கும் கீழே, சிறுமியின் கால்விரல் மேல் டைலில் இடித்துக்கொண்டே இருக்கும். பலர் இதற்காகச் சுவரை அறுக்கிறார்கள். குதியை 4 பிக்ஸல் கூட்டினால் முடிந்தது.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க விடுங்கள், இதைக் கயோட்டி டைம் என்பார்கள். தரையைத் தொடுவதற்கு 0.12 விநாடி முன்பே பட்டனை அழுத்தியிருந்தாலும் தொட்டவுடன் குதிக்கட்டும். பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேல்நோக்கிய வேகத்தை 0.45ஆல் பெருக்குங்கள், குட்டிக் குதி கிடைக்கும். எல்லாம் சீரான இடைவெளியில் ஓடும் 'ஃபிசிக்ஸ் ப்ராசஸ்' பகுதியில் இருக்க வேண்டும். வெறும் 'ப்ராசஸ்' பகுதியில் எழுதினால் மெதுவான கணினியில் ஒரு உயரமும் வேகமான கணினியில் வேறு உயரமும் வரும்.

நிழல் வேலையைத் தொடும் முன், வெறும் சாம்பல் நிற டைல்களில் ஒரு நாள் முழுக்க ஓடிக் குதித்துப் பாருங்கள். அதுவே அலுக்காமல் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

நிழலைத் தரையாக்குவது

உண்மையான ஒளி, நிழல் கணக்கு எதுவும் வேண்டாம். எதில் படுகிறது என்று சொல்லும் ஒரு நேர்க்கதிர், ரேகாஸ்ட்2டி, போதும். சிறுமியின் தலைச்சுமையின் மேல்விளிம்பு நடுவிலிருந்து, சூரியனுக்கு எதிர்த்திசையில், 96 பிக்ஸல் நீளத்துக்கு அது கிளம்பட்டும். மூடுபனி ஒவ்வொன்றும் ஒரு ஏரியா2டி, அதாவது மோதாமல் உள்ளே புகக்கூடிய ஒரு பகுதி. ரேகாஸ்ட் தானாக ஏரியாக்களைக் கண்டுகொள்ளாது, 'கொலைட் வித் ஏரியாஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். நிழலே விழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆடுபவர் நிழல் பட்டனை அழுத்தியதும், கதிர் பனியில் பட்ட புள்ளியை மேல்விளிம்பின் நடுவாக வைத்து ஒரு ஸ்டேட்டிக்பாடி2டியை (அசையாத கெட்டிப் பொருளை) போடுங்கள். வடிவம் சுமையின் வடிவம், ஒன்வே கொலிஷன் ஆன், மேலிருந்து மட்டும் தாங்கும். ஒரு நேரத்தில் ஒரே நிழல். பனியின் படம் அதன் ஏரியாவை விட 24 பிக்ஸல் வெளியே வரை மங்கலாக நீளட்டும், இல்லாவிட்டால் பாதி நிழல் வெற்று வெளியில் தொங்கும்.

சூரியனின் உயரத்தை ஒவ்வொரு அறைக்கும் நீங்கள் முடிவுசெய்கிறீர்கள். சுமையின் மேல்விளிம்பு காலிலிருந்து 28 பிக்ஸல் உயரம், பனி 64 பிக்ஸல் தள்ளி என்று வையுங்கள். சூரியன் 10 பாகையில் இருந்தால் நிழல் 11 பிக்ஸல்தான் இறங்கும், கால்மட்டத்துக்கு 17 பிக்ஸல் மேலே ஒரு படிபோல நிற்கும். 25 பாகையில் கால்மட்டத்துக்கு 2 பிக்ஸல் கீழே, ஏறக்குறைய நேரான பாலம். 45 பாகையில் 36 பிக்ஸல் கீழே, அது இறங்குவதற்கான தட்டு. காலை, முற்பகல், உச்சியை நெருங்கும் நேரம் என்று ஒரே மலைச்சரிவு மூன்று வேறு புதிராகிவிடுகிறது. இந்தக் கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மற்றதில் மிச்சப்படுத்திய நேரத்தை இதில் செலவழியுங்கள்.

நிஜத்தில் அந்த நிழல் பெரிதாவதில்லை. பனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாததால்தான் அப்படித் தோன்றுகிறது. கேமிலும் நிழலை ஊதிப் பெரிதாக்காதீர்கள். சுமையும் நிழலும் ஒரே அளவில் இருந்தால், விழும் முன்பே அது எவ்வளவு நீளம் என்று ஆடுபவர் கணித்துவிடலாம்.

சுமைகளை மலை வாழ்க்கையிலிருந்தே எடுங்கள். விறகுக் கட்டு 48×8: மூன்று டைல் பாலம். 25 பாகை வெயிலில், விளிம்பிலிருந்து 40க்கும் 88க்கும் இடையே விழும். எனவே 144 பிக்ஸல் பள்ளத்தை, அதாவது 9 டைலை, இரண்டு குதியில் கடக்கலாம், கடைசிக் குதியில் 16 பிக்ஸல் மிச்சமிருக்கும். பேரிக்காய் பறிக்கும் ஏணி 16×64: நிழல் ஏணியில் ஏறலாம். குடை 32 அகலம்: அதன் நிழலில் குதித்தால் வேகம் 1.25 மடங்கு. 4 டைல் உயரம் தாராளமாக எட்டும், 5 எட்டாது, அதனால் 5 டைல் சுவர்தான் அங்கே நல்ல எல்லை. மலைப்பூண்டு மூட்டை 16×16: ஒற்றைப் படி, ஆனால் குறுகிய சந்திலும் விழும்.

சுமைக்கு எடை வைத்துக் குதியைக் குறைக்க ஆசை வரும். வேண்டாம். ஆடுபவர்கள் சுமையையே எடுக்க மறுப்பார்கள், கேமின் விளையாட்டுப் பொருளே அதுதான்.

மூடுபனி

பனியைத் தற்செயலாக வரவிட்டால், ஆடுபவர் நின்று காத்திருப்பதுதான் கேம் என்றாகிவிடும். 6 விநாடிச் சுற்றாக வையுங்கள்: ஏறுவது 1, நிறைந்து நிற்பது 3.5, கலைவது 0.5, காலி 1. ஏறுவதற்கு அரை விநாடி முன்பே காற்றுச் சத்தம் எழட்டும், காதாலேயே கணக்குப் பிடித்துக்கொள்வார்கள்.

பனி அடர்த்தி 0 முதல் 1 வரை. 0.6ஐத் தாண்டினால் நிழல் விழலாம் என்று வைத்து, அதே 0.6க்குக் கீழே போனால் கலையும் என்றும் வைத்தால், எல்லையில் நிழல் துடிதுடிக்கும். விழ 0.6, கலைய 0.4 என்று பிரித்து வையுங்கள். நிழல் காலடியிலேயே கலைந்தால் கயோட்டி டைமை 0.15 ஆக்குங்கள். தன் தவறில்லாமல் விழுந்தோம் என்ற எண்ணம் ஆடுபவருக்கு வரவே கூடாது.

பனியைத் துகள்களால் செய்தால் பழைய லேப்டாப் திணறும். கோடாடில் மேகம் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை உருவாக்கும் ஃபாஸ்ட்நாய்ஸ்லைட் வைத்து ஓரம் ஒட்டும்படியான மூன்று படங்கள் செய்து, கேமரா நகர்வதைப்போல 0.3, 0.6, 1.1 மடங்கு வேகங்களில் நகர்த்தினால் போதும். முன்னால் போகும் 1.1 அடுக்கின் ஒளிபுகா அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் விளிம்புகள் மறையும். கெட்டியான நிழலுக்கு ஒரு பிக்ஸல் வெளிர் ஓரம் போடுங்கள்.

அந்த வானவில் வளையத்தை வெறும் அலங்காரமாக விட்டுவிடாதீர்கள். சிவப்பு வெளியே, நீலம் உள்ளே என்று நிஜத்தில் உள்ளபடியே வரைந்து, 3 விநாடியில் அது சுருங்கட்டும். திரையில் தனியாக டைமர் தேவைப்படாது.

அறைகளை அடுக்குவது

முதல் அறையைப் பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் வையுங்கள். தவறினால் ஒரு படி கீழே வயலில் விழுவாள், ஏறி வந்துவிடலாம். எந்த எழுத்தும் வேண்டாம், விறகுக் கட்டு வழியில் கிடந்தால் போதும். அடுத்து வெள்ளகவிப் பக்கத்து ஒற்றையடிப் பாதை: இங்கே கீழே பள்ளம். விழுந்தால் அரை விநாடிக்குள் அறையின் வாசலில் திரும்ப நிற்க வேண்டும். பிறகு பில்லர் ராக்ஸ், நேர்ச்சுவர், ஏணி நிழல். ஒவ்வொரு சுமைக்கும் நாலு அறைகள் போதும்: ஆபத்தில்லாமல் ஒன்று, ஆபத்தோடு ஒன்று, நகரும் பனியோடு ஒன்று, முந்தைய சுமையோடு சேர்த்து ஒன்று.

கடைசிப் பகுதிக்குச் சூரிய ஆய்வகத்தை விட நல்ல இடம் கிடையாது. 1899ல் நிறுவப்பட்ட ஆய்வகம் அது, நூறாண்டுக்கும் மேலாக அந்தக் குன்றிலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதிரவப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டதும் இங்கேதான். அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கியில், கோபுர உச்சியில் இருக்கும் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்து 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அந்தக் கண்ணாடியை ஆடுபவர் கையில் கொடுங்கள். அதுவரை உங்கள் கையில் இருந்த சூரியக் கோணத்தை இனி அவர் சக்கரத்தால் திருப்புவார், 10 முதல் 45 பாகை வரை, 5 பாகைப் படிகளில். தொடர்ச்சியாகத் திருப்ப விட்டால் சரியான கோணத்தைத் தேடி எரிச்சலாகும். கண்ணாடியை மறுபக்கம் திருப்பினால் நிழல் இடதுபுறம் விழும். புதிய விதி எதுவும் சேராமலேயே பழைய அறைகளுக்கெல்லாம் திரும்பிப் போக ஒரு காரணம் கிடைக்கிறது.

அடிக்கடி கெடுவது

நிழல் சுவருக்குள்ளோ சிறுமியின் மேலேயோ விழுந்து அவள் சிக்கிக்கொள்வாள். போடும் முன் கோடாடின் 'இன்டர்செக்ட் ஷேப்' கட்டளை கொண்டு அந்த இடம் காலியா என்று கேளுங்கள். காலியில்லை என்றாலும், பனி எட்டவில்லை என்றாலும் ஒரு மெல்லிய 'டொக்' சத்தம் வரட்டும். எதுவுமே நடக்காவிட்டால் பட்டன் பழுது என்று நினைப்பார்கள். கேமரா நிற்கும் இடத்தை முழு பிக்ஸல் எண்ணாக்காவிட்டால் டைல்களுக்கு நடுவே கோடு தெரியும்.

சத்தங்களை மலையிலேயே பதிவுசெய்யலாம். போனின் மைக்கைக் கம்பளிக் குல்லாவுக்குள் சுற்றினால் காற்றின் இரைச்சல் அடங்கி, விடியலில் சீகாரப் பூங்குருவியின் விசில் சுத்தமாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய்வரும், ஒவ்வொரு அறை முடிந்ததும் கிட்டில் (கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமிக்கும் கருவி) கமிட் செய்துவிடுங்கள்.

போனுக்குக் கொண்டுபோகும்போது நான்கு பட்டன்கள்: இடக்கைக்கு இடது, வலது. வலக்கைக்குக் குதி, நிழல். தொடும் பகுதி ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பிறகு ஐந்து பேரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்த அறையில் எத்தனை முறை விழுகிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். மூன்று பேர் ஒரே விளிம்பில் விழுந்தால், அந்த விளிம்பை அரை டைல் நீட்டி அடுத்த ஐந்து பேரிடம் கொடுங்கள்.