சட்டமன்ற விதிகளைத் திருத்தும்போது எங்கே தவறுகிறார்கள்?

சட்டமன்றத்தின் நடைமுறை விதிகளைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றால் பொதுவாக யாரும் எதிர்ப்பதில்லை. விதிப் புத்தகம் பழையது, வாசகம் கரடுமுரடானது, பாதி விதிகள் புழக்கத்திலேயே இல்லை. சரி, திருத்த வேண்டியதுதான். அதற்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை உள்ளவர்கள் எண்ணிக்கையைக் கொண்டே காரியத்தை முடித்துவிடலாம். விதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணிக்கை இல்லாதவர்கள். இந்தியாவில், நடைமுறை பிசகிவிட்டது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி அவை நடவடிக்கையின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அரசமைப்பின் 122, 212 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. அப்படியென்றால் சிறிய கட்சியின் உறுப்பினருக்கு விதிப் புத்தகத்தை விட்டால் பெரும்பாலும் வேறு பிடிமானம் இல்லை. இதை மறந்துவிட்டுத் திருத்த உட்காரும்போதுதான் தவறுகள் வரிசையாக வருகின்றன.

அதிகம் நடக்கும் தவறு, ‘இதை யாருமே பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாம்’ என்பது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஏரன் பர் 1805-இல் பதவியை விட்டுப் போகும்போது, தான் தலைமை வகித்த மேலவையான செனட்டின் விதிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார். ‘முன் வினா’ என்றொரு தீர்மானம் அதிகம் பயன்படாமல் கிடந்தது. 1806-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் அதே தீர்மானம் சில ஆண்டுகளில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகும் கருவியாக வளர்ந்தது. செனட்டில் அந்த வழியே அடைபட்டுப்போனது. பேசிப் பேசியே மசோதாவை நிறுத்தும் பழக்கம் அங்கே வேரூன்றியது. விவாதத்தை முடிக்க ஒரு விதி மறுபடி வந்தது 1917-இல்தான். அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று வைத்தார்கள். புத்தகத்தைச் சுத்தம் செய்யத்தான் எடுத்தார்கள். அதன் விளைவு ஒரு நூற்றாண்டைத் தாண்டி நின்றது.

பயன்படாத விதி எல்லாமே செத்த விதி ஆகிவிடாது. குரல் வாக்கெடுப்பில் சந்தேகம் வந்தால் ‘டிவிஷன்’ (வாக்குகளை எண்ணிப் பதிவு செய்வது) கேட்கும் உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எப்போதோ ஒருமுறைதான் கேட்பார்கள். கேட்கலாம் என்ற நிலை இருப்பதால்தான் தலைவர் இருக்கையில் இருப்பவர் ‘ஆம்’ என்ற குரலையும் ‘இல்லை’ என்ற குரலையும் கவனமாகக் காதில் வாங்குகிறார். ஆகவே ஒரு விதியை அடிப்பதற்கு முன்பு, அது கடைசியாக எப்போது எழுப்பப்பட்டது, யார் எழுப்பினார்கள், தலைவர் என்ன தீர்ப்பு சொன்னார் என்று பேரவைச் செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் அவைத் தலைவருக்கு முன்னால் உள்ள மேசையில் பணியாற்றிய அலுவலர்களுக்குத் தெரிந்தது, வரைவு எழுதும் குழுவில் பலருக்குத் தெரியாது. கேட்காமல் விடுவதே தனி ஒரு தவறு.

அடுத்தது, போன கூட்டத்தொடரில் நடந்த சண்டைக்குப் பதிலாக விதி எழுதுவது. அமெரிக்க செனட்டில் 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியினர், உச்ச நீதிமன்றத்தைத் தவிர்த்த நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே விவாதத்தை முடிக்கலாம் என்று நடைமுறையை மாற்றினார்கள். 2017-இல் பெரும்பான்மையில் இருந்த குடியரசுக் கட்சியினர் அதையே உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் நீட்டித்தார்கள். எந்தப் பக்கம் சரி என்பது வேறு பேச்சு. வரைவு தயாரானதும், நாளைக்கே எதிர் வரிசையில் உட்கார வேண்டியிருந்தால் இதற்குக் கையெழுத்துப் போடுவோமா என்று ஒவ்வொரு பத்தியையும் படித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல சோதனை. எதிர்க்கட்சி இல்லாத குழு எழுதிய விதிக்கு ஆயுள் அடுத்த தேர்தல் வரைதான்.

நவீனப்படுத்துவது என்றாலே கருவி வாங்குவது என்று எண்ணுவதும் ஒரு பிழை. ஒரு விதியைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘அறிவிப்பை எழுத்து மூலம் காலை 10 மணிக்குள் செயலாளரிடம் அளிக்க வேண்டும்’ என்று இருக்கிறது. இதில் ‘எழுத்து மூலம்’ என்பதை ‘மின்னணு முறையில்’ என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? அனுப்பிய நேரமா, வந்து சேர்ந்த நேரமா, எது கணக்கு? சர்வர் முடங்கினால் காகிதத்தில் தரலாமா? உறுப்பினரின் உதவியாளர் அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு அனுப்பினால் அது உறுப்பினரின் அறிவிப்பா? பழைய முறையில் ஆள் நேரில் போய், முத்திரை வாங்கி வந்தார். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அந்தச் செயலிலேயே விடை இருந்தது. புதிய விதியில் அந்த விடைகளை எழுதியே ஆக வேண்டும்.

காணொளி மூலம் கலந்துகொள்வதிலும் இதே சிக்கல்தான். திரையில் தெரிபவர் ‘அவையில் இருப்பவர்’ ஆவாரா, கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) கணக்கில் வருவாரா என்று முடிவு செய்யாமல் கேமராவை மாட்டக் கூடாது. இந்தியாவில் கோரம் பத்தில் ஒரு பங்கு என்பது அரசமைப்பிலேயே இருக்கிறது. விதிகள் குழு நினைத்தால் மாற்றிவிட முடியாது. எது விதி, எது அதற்கு மேலே உள்ள சட்டம் என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எல்லையை எழுதாமல் விடுவதும் உண்டு. கனடாவின் மக்களவையில், உறுப்பினர்களை வாக்களிக்க அழைக்கும் மணி எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்பதற்கு ஒரு காலத்தில் வரம்பு இருக்கவில்லை. இரு தரப்புக் கொறடாக்களும் வந்து சேர்ந்தால் மணி நிற்கும், அவ்வளவுதான் வழக்கம். 1982 மார்ச்சில் ஓர் எரிசக்தி மசோதாவை எதிர்த்த எதிர்க்கட்சி, உள்ளே வர மறுத்தது. மணி இரண்டு வாரம் அடித்துக்கொண்டே இருந்தது! பிற்பாடுதான் 15 நிமிடம், 30 நிமிடம் என்று வரம்பு வந்தது. அதற்காக எல்லா வழக்கத்தையும் விதியாக்கத் தேவையில்லை. இந்திய நாடாளுமன்றத்தின் நேரமில்லா நேரம் வழக்கத்தில் பிறந்து பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அவசரப் பிரச்சினையை உடனே எழுப்ப முடிவதுதான் அதன் உயிர். நிபந்தனைகளை அடுக்கினால் அது இன்னொரு கேள்வி நேரமாகிவிடும். யாராவது பிடிவாதம் பிடித்தால் அவையே நின்றுபோகும் இடங்களில் மட்டும் வரம்பை எழுதினால் போதும்.

அப்புறம், சோதித்துப் பார்க்காமல் நிரந்தரமாக்குவது. பிரிட்டிஷ் மக்களவை 1999-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் இணை விவாதங்களை (முதன்மை அவைக்கு வெளியே தனியாக நடக்கும் விவாதங்களை) சோதனையாகத் தொடங்கி, 2002-இல் நிரந்தரமாக்கியது. குழந்தை பிறந்த உறுப்பினர்களுக்குப் பதிலாள் வாக்கு 2019 ஜனவரியில் சோதனையாக வந்தது; 2020-இல்தான் நிலைத்தது. அதே அவை தன் செவ்வாய்க்கிழமை அமர்வு நேரத்தைப் பகலுக்கு மாற்றி, 2005-இல் இரவுக்கே திருப்பி, 2012-இல் மறுபடி பகலுக்குக் கொண்டுவந்தது. உறுப்பினர்களின் அன்றாடத்தைத் தொடுகிற விதிக்கு ஒரு முடிவுத் தேதி போட்டு, அந்தத் தேதிக்கு முன் அவையே மறுபடி வாக்களிக்கட்டும் என்று வைப்பதே என் யோசனை.

சில்லறைப் பிழைகளும் உண்டு. எண் மாறியபின் பழைய எண்ணையே சுட்டும் குறுக்குக் குறிப்புகள், திருத்தப்படாத படிவங்கள், புதிய விதியோடு ஒட்டாத சபாநாயகர் வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நிலுவையில் உள்ள அலுவலை மட்டும் சில்லறை என்று விட முடியாது. பழைய விதியின்படி கொடுத்த அறிவிப்பு, பாதி நடந்த குழு விசாரணை, முதல் நிலை தாண்டிய மசோதா ஆகியவை எந்த விதியின்படி முடியும் என்று ஒரு பத்தி எழுதி, புதிய விதிகளைக் கூட்டத்தொடரின் நடுவில் அல்லாமல் அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.