பொய்களை மட்டும் சேர்க்காதீர்கள்

போன மாதம் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஊடக எழுத்தறிவு வகுப்பு, அதாவது வரும் செய்தி உண்மையா பொய்யா என்று ஆராயப் பழக்கும் வகுப்பு, வைக்கப் போகிறார்களாம். பாடத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததைக் கைபேசியில் காட்டினார்கள். ஐம்பது படத்துக்கு மேலே இருக்கும். ஒன்றுகூட உண்மை இல்லை. நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு தொகுப்பைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்படிப் பாடம் சேர்க்கும்போது விடக்கூடிய பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொய்யை மட்டும் சேர்ப்பது

கிளிநொச்சியில் நான் வகுப்புத் தொடங்கியபோது கையில் இருந்தவை வெட்டி ஒட்டிய படங்கள், வேறு நாட்டு வெள்ளக் காணொளிகள், போலி வேலைவாய்ப்பு விளம்பரங்கள். பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். மூன்றாவது வகுப்பில், படம் திரையில் முழுதாக விழ முன்னமே "ஃபேக், சேர்!" என்று சத்தம் வந்தது. அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

அந்த வருடம் மார்கழி மழைக்கு இரணைமடுக் குளம் நிரம்பியது. வான்கதவு திறக்கப்படும், தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனம் என்று அறிவித்தல் வந்தது. கண்டாவளைப் பக்கத்து மாணவி ஒருத்தி அதை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இது ஃபேக். வகுப்பில இப்படி நிறையப் பார்த்தனாங்கள்" என்று சொல்லியிருக்கிறாள். விடியப்புறம் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டிலில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் செத்துவிட்டன. அவளில் பிழையே இல்லை, நான் பழக்கியதைத்தான் செய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

சரி, உண்மையை எங்கே எடுப்பது? அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வளிமண்டலவியல் திணைக்களமும் தமிழிலும் அறிவித்தல் விடுகின்றன. மழைக்காலத்தில் வருவதைத் திகதியோடு சேமித்து வையுங்கள். அதே நாளில் சுற்றிய "குளம் உடைச்சிட்டுதாம்" குரல் பதிவையும் கூடவே வையுங்கள். எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்து, யார் சொல்கிறார், எப்போது சொன்னது, எந்த இடம் என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். என்னிடம் இருக்கும் ஒரு சோடியில், அறிவித்தலில் நேரமும் இடமும் அனுப்பியவரின் பதவியும் இருக்கின்றன. குரல் பதிவில் இருப்பது "இப்பதான் ஒராள் சொன்னவர்" மட்டும். அப்புறம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம் என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இப்போது என் தொகுப்பில் பாதிக்குப் பாதி உண்மைச் செய்தி. "ஃபேக்" என்று கத்துவது தானாகவே நின்றுவிட்டது.

இன்றைய செய்தியோடு நிற்பது

2005 முதல் இணையத்தில் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நாளில் வந்த இரண்டு பத்திரிகைகளின் முதல் பக்கத்தை இறக்கி அச்செடுங்கள். ஒன்றுக்குத் தலைப்புச் செய்தியாக இருப்பது மற்றதில் கீழே ஒரு மூலையில் கிடக்கும். அதுவே ஒரு மணி நேரப் பாடத்துக்குக் காணும். சிக்னல் இல்லாத ஊருக்கும் கொண்டுபோகலாம்.

வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே மொழிபெயர்ப்பது

யுனெஸ்கோ 2011இல் ஆசிரியர்களுக்கென்று ஒரு பாடத்திட்டம் வெளியிட்டு, 2021இல் புதுப்பித்தது. இலவசம்தான், நல்லதும்தான், ஆனால் பல நூறு பக்கம். கேள்விகளை எடுங்கள், உதாரணங்களை இங்கே தேடுங்கள்.

பாடசாலைப் புத்தகத்தை மறப்பது

"தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்" என்று க.பொ.த. சாதாரண தரத்தில் ஒரு பாடமே இருக்கிறது. முதலில் அதைப் புரட்டுங்கள்.

போர்க்காலப் படங்கள்

பயிற்சிக்கு எடுக்கவே வேண்டாம். படத்தில் விழுந்து கிடப்பவர் முன்வரிசைப் பிள்ளையின் மாமாவாக இருக்கலாம்.