மருந்தியல் வகுப்பு தொடங்கும் முன்: பெயர்ப் பட்டியலை ஓரம் வையுங்கள்

மருத்துவருக்கு உதவியாளராகப் பயிற்சி தரும் பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் இடம் கிடைத்ததும் நான் முதலில் செய்த காரியம், இருநூறு மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு ஒரு பெயர். முதல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலோல் ஏன் ஆகாது? அந்தப் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று கூட எனக்குத் தெரியும். விடைதான் தெரியவில்லை.

எனவே கோத்தகிரிப் பக்கத்திலிருந்து இந்த ஆண்டு சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு இந்த வரிசையைச் சொல்கிறேன். கையில் இரண்டு மாதம் இருந்தால் போதும்.

முதல் படி: காட்டெருமையிடமிருந்து தொடங்குங்கள்

மாலை நேரம், மூடுபனி. தேயிலைத் தோட்டத்து வழியில் திரும்பும்போது எதிரே காட்டெருமை நிற்கிறது. நம் ஊரில் இது கற்பனை இல்லை. அந்த நொடியில் இதயம் படபடக்கிறது, நா வறள்கிறது, கண்மணி விரிகிறது, மூச்சுக்குழாய் அகல்கிறது, பசி மறந்துபோகிறது. இது பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. வீடு வந்து சோறு உண்டு கம்பளிக்குள் சுருண்டதும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் பொறுப்பேற்கிறது. துடிப்பு நிதானமாகிறது, வாயில் உமிழ்நீர் ஊறுகிறது, குடல் அசையத் தொடங்குகிறது.

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் காட்டெருமை, வலப்பக்கம் கம்பளி என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பார்க்காமல் எழுத வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு ஏற்பிகளை, அதாவது உறுப்புகளில் நரம்பின் செய்தியை வாங்கும் இடங்களை, சேருங்கள். பரிவு மண்டலத்தின் செய்தியை இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1 ஏற்பிகளும், மூச்சுக்குழாயில் பீட்டா 2 ஏற்பிகளும் வாங்கிக்கொள்கின்றன. ப்ரோப்ரனலோல் இரண்டையும் அடைக்கும். அதனால் படபடப்பு தணிகிறது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும். நான் கோட்டைவிட்ட விடை இவ்வளவுதான். சால்பியூட்டமால் இதன் மறுபக்கம். அது பீட்டா 2-வைத் தூண்டி மூச்சை விடுவிக்கிறது. அளவு கூடினால் கை நடுங்கும், இதயம் ஓடும். அட்ரோபின் கம்பளிப் பக்கத்தைத் தடுப்பது. அதன் பக்கவிளைவுகளை யாரும் சொல்லித்தர வேண்டாம். தாளின் வலப்பக்கத்தைத் தலைகீழாகப் படியுங்கள். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், துடிப்பு கூடும்.

இந்த ஒரு தாளுக்கு மூன்று வாரம் செலவானாலும் நட்டமில்லை.

இரண்டாம் படி: பெயரின் வாலைப் பிடியுங்கள்

'லோல்' என்று முடிந்தால் பீட்டா தடுப்பான்: அட்டெனலோல், மெட்டோப்ரோலோல். 'ப்ரில்' என்று முடிபவை, எனலாப்ரில், ராமிப்ரில் போல, இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அப்படி இருமுபவரைப் பெரும்பாலும் 'சார்டன்' குடும்பத்துக்கு மாற்றுவார்கள். 'ஸ்டாட்டின்' கொழுப்புக்கு. பான்டோப்ரசோல் வகையறா வயிற்று அமிலத்துக்கு. பத்துப் பன்னிரண்டு வால்கள் போதும்.

வால் ஏமாற்றுவதும் உண்டு. அரிபிப்ரசோல் வயிற்று மருந்து இல்லை, மனநல மருந்து. இதைவிட நல்ல எச்சரிக்கை நம் மலையிலேயே இருக்கிறது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரங்களை நட்டார்கள். அந்த ஒரே பட்டையில் குவினைனும் இருக்கிறது, குவினிடினும் இருக்கிறது. அணுக்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், அவை அமைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. முன்னது மலேரியாவுக்கு, பின்னது இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்குத் தரப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்று நடுவட்டம் வழியே போகும்போது யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தேநீரில் அரை ஆயுட்காலம்

மருந்து உடலுக்குள் வருவது, பரவுவது, மாறுவது, வெளியேறுவது என்று நான்கு கட்டங்கள். இதில் வெளியேறும் கணக்கில்தான் பலர் திணறுகிறார்கள். நாம் தேநீர் குடிப்பவர்கள், பயம் வேண்டாம். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அரை ஆயுட்காலம். பெரியவர்களுக்குக் காஃபினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5 மணி நேரம். மாலை 4 மணிக் குவளையில் 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், இரவு 9 மணிக்கு 20, அதிகாலை 2 மணிக்கு 10 மிஞ்சும். தூக்கம் வராததற்கும் கணக்கு இருக்கிறது! தொடர்ந்து எடுக்கும் மருந்து உடலில் நிலையான அளவை எட்ட நான்கைந்து அரை ஆயுட்காலம் ஆவதும் இதே கணக்குதான்.

நான்காம் படி: தினம் ஐந்து கணக்கு

கால்குலேட்டர் இல்லாமல் செய்யுங்கள். 12 கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி மட்டும். பாட்டிலைப் படிக்காமல் முதல் விடையையே ஊற்றினால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். மருந்துச் சீட்டில் கையெழுத்திடுவது மருத்துவர்தான் என்றாலும், அதற்கு முன் இந்தக் கணக்கை நம் கண்ணும் பார்க்க வேண்டும். மைக்ரோகிராமிலும் மில்லிகிராமிலும் மாறி மாறிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் இருக்கிறது.

ஐந்தாம் படி: பாட்டியின் மாத்திரைப் பை

வீட்டில் அனுமதி கேட்டு அட்டைகளை எடுத்துப் பாருங்கள். அட்டையில் கம்பெனி தன் மருந்துக்கு வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தரநூல்) என்று முடிவது மருந்தின் பெயர். நோட்டில் அதை மட்டும் எழுதுங்கள். எதற்காக, உடலில் எங்கே வேலை செய்கிறது, என்ன தொல்லை என்று மூன்று வரி. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கும் பாட்டிக்கு ஏன் கணுக்கால் வீங்குகிறது என்று தேடிப் பார்த்தால், அந்த மருந்து பிறகு மறக்கவே மறக்காது. ஆனால், மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் இன்னும் வகுப்பிலேயே உட்காரவில்லை.

தடித்த பாடநூலை இப்போது வாங்க வேண்டாம். எந்தப் பதிப்பு என்று கல்லூரியில் சொல்வார்கள். சீனியரிடம் கேட்டால் பாதி விலையில் கிடைக்கும்.