முதலில் கால், பிறகு மேசை: வீட்டுப் பட்டறையில் கால் வைஸ் பூட்டும் முறை

பழைய இரும்பு விற்கும் இடமொன்றில் துருப்பிடித்துக் கிடந்த கால் வைஸ் ஒன்றை (இரும்பை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும், நீண்ட காலுள்ள கருவி) நிறைக்கு விலை கொடுத்து வாங்கி, லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். பொறுமை இல்லை. அன்று பின்னேரமே ஒரு பழைய மேசையின் ஓரத்தில் இரண்டு ஸ்குறூவை முறுக்கிப் பூட்டிவிட்டேன். கால் நிலத்தைத் தொடவில்லை. இடைவெளிக்கு உடைந்த சீமெந்துக் கல் ஒன்றைத் தள்ளி வைத்தேன். அரை அங்குலக் கம்பியை வளைக்க நாலு அடி அடித்திருப்பேன். கல் நொறுங்கியது, ஸ்குறூ பிடுங்கிக்கொண்டது, வைஸ் என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார் பக்கத்து வளவு ஐயா. ஒரு காலத்தில் பாளைக்கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்தவர். "தம்பி, உது மேசையில தொங்கிற சாமான் இல்லை, நிலத்தில நிக்கிற சாமான்" என்றார். இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு வசனத்தின் விரிவுதான்.

சாதாரண மேசை வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஒருநாள் வெடிக்கும். கால் வைஸ் அடித்துச் செய்த இரும்பு. பின்தாடையோடு சேர்ந்த நீண்ட கால் நிலம்வரை இறங்குகிறது. அடியின் வேகம் அந்தக் கால் வழியாக நிலத்துக்குப் போகிறது. மேசையின் வேலை வைஸ் சாயாமல் பிடித்திருப்பது மட்டுமே.

சுத்தம் செய்தல்

கைபிடியைச் சுழற்றி முழுவதும் திறந்து, திருகாணியை வெளியே எடுங்கள். தாடைகளுக்கு நடுவே உள்ள வில் தகடு தெறிக்கலாம், முகத்தை விலக்கி வையுங்கள். திருகாணியின் புரி (சுற்றிவரும் வரி) தேய்ந்து கத்திமுனை போலக் கூராகியிருந்தால் அந்த வைஸை வாங்காமல் விடுவதே நல்லது. மேல்துரு ஒரு பிரச்சினை இல்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டுக் கம்பித் தூரிகையால் தேயுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இறுகிய திருகாணியை விடுவிக்க, அது முறுகிப் போகும் கூட்டை உலையில் போடாதீர்கள். பழைய வைஸ்களில் கூட்டுக்குள் இருக்கும் புரி பித்தளையால் பற்றவைக்கப்பட்டதாக இருக்கலாம். சூடேறினால் அது இளகி, புரி கழன்று வந்துவிடும். அப்புறம் அது வெறும் இரும்புத்துண்டு. சுத்தமானதும் புரிக்கும் கீழ்மூட்டுக்கும் தாராளமாகக் கிறீஸ் பூசுங்கள்.

இடமும் உயரமும்

இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லிலிருந்து ஓரிரு எட்டு தூரம் போதும். பழுக்கக் காய்ந்த இரும்போடு நடக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். நீளக் கம்பி பிடிக்க இரண்டு பக்கமும் நாலு அடியாவது வெளியாக விடுங்கள்.

வேலை செய்யும்போது போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கையை மடித்தால் முழங்கை நிற்கும் மட்டத்துக்குத் தாடையின் மேல்விளிம்பு வர வேண்டும். வைஸ் உயரம் கூடினால் காலை வெட்டாதீர்கள், குழியைத் தாழ்த்துங்கள். குறைந்தால் கொங்கிறீற்றைத் தரைக்கு மேலே உயர்த்துங்கள்.

காலுக்கு அத்திவாரம்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். நம் கொட்டில்களின் சீமெந்துத் தரை பல இடங்களில் இரண்டு அங்குலத் தடிப்புக்கூட இராது. காலின் நுனியில் உள்ள முளை அதைச் சில நாட்களில் குடைந்துவிடும்.

தரையை உடைத்து ஓரடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் செம்மண் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னமே அலவாங்கு சுண்ணக்கல்லில் "ணங்" என்று முட்டும். முட்டினால் சந்தோஷப்படுங்கள், அதைவிட நல்ல அத்திவாரம் இல்லை. தென்மராட்சி மணலில் குழியை இன்னும் அகலமாக எடுக்க வேண்டும்.

எட்டு மில்லிமீற்றர் தகட்டில் ஆறு அங்குலச் சதுரம் வெட்டி, நடுவில் முளை இறங்கும் அளவான குழாய்த்துண்டைப் பற்றவையுங்கள். அடிப்பக்கத்தில் வளைத்த கம்பிகள் நாலு. வெல்டிங் கடையில் சிறிய வேலை இது. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி என்று கலவை போட்டுத் தகட்டைப் பதித்து, மட்டம் பாருங்கள். ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு மூடி வையுங்கள். அவசரப்பட்டு மூன்றாம் நாளே வைஸைத் தூக்கி வைக்கத் தோன்றும். வேண்டாம்.

மேசை

இப்போது ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். ஐந்து அங்குலத் தாடை வைஸ் 25 கிலோவுக்குக் குறையாது. முளையைக் குழாய்க்குள் இறக்கி நிமிர்த்திப் பிடித்து, வைஸை மேசையோடு பூட்டும் தகட்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுங்கள். அதுதான் உங்கள் மேசையின் உயரம். மேசையை முதலில் செய்துவிட்டு வைஸைப் பொருத்தப் போகிறவர்கள்தான் கல் தேடி அலைகிறார்கள்.

கால் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இரண்டு கப்புகளை நட்டு, மேலே மூன்று அங்குலத் தடிப்பான பலகையைப் போல்ற் போட்டுப் பூட்டுங்கள். கப்புக்குப் பனை நல்லது. மரக்காலையில் வாங்கும்போது கறுத்த வைரமாகப் பார்த்து வாங்குங்கள். பனையின் உள்பக்கம் சோறுபோல மெத்தென்றிருக்கும், அதை நம்பி எதையும் பூட்ட முடியாது. மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசாவிட்டால் கறையான் வந்துவிடும். சிலருடைய வளவில் இன்னமும் பழைய ரயில் சிலிப்பர் கட்டை கிடக்கலாம். 1990இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு அந்தக் கட்டைகள் பதுங்குகுழிக் கூரைகளுக்குப் போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியது ஒன்று இருந்தால், பலகைக்கு அதைப்போல வேறொன்று இல்லை.

பூட்டுதல்

வைஸைக் குழாய்க்குள் நிறுத்தி, பூட்டும் தகட்டைப் பலகைமேல் தளர்வாக வைத்து, தூக்குக்குண்டு பிடித்துக் கால் செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னும் பக்கமும் பாருங்கள். தாடைகள் பலகை விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீளக் கம்பியை நிமிர்த்திப் பிடிக்க முடியாது. சரி என்றால் துளைகளைக் குறித்து, 12 மில்லிமீற்றர் போல்ற்றுகளைப் பலகையை ஊடறுத்துப் போடுங்கள். ஸ்குறூ வேண்டாம், என் பாதத்தைக் கேளுங்கள். பலகையின் அடியில் வொஷருக்குப் பதிலாக ஒரு தகட்டுத்துண்டு கொடுத்தால் நட் மரத்துக்குள் அமிழாது.

தகட்டோடு காலைச் சேர்த்துப் பிடிக்கும் வளையமும் ஆப்பும் பழைய வைஸ்களில் அநேகமாகத் தொலைந்திருக்கும். அரை அங்குலக் கம்பியை வளைத்து இரு முனையிலும் புரி வெட்டினால் அதே வேலையைச் செய்யும். ஆப்பு கிடைத்தால் கடைசியாக அதை அடித்து இறுக்குங்கள்.

சோதனை

ஒரு கம்பியைப் பிடித்து அடியுங்கள். இடது உள்ளங்கையைப் பலகைமேல் வையுங்கள். பலகை துள்ளினால் முளை குழாயின் அடியில் முட்டவில்லை என்று அர்த்தம். தகட்டைத் தளர்த்தி, காலை இறக்கி, மறுபடி இறுக்குங்கள்.

தாடைகள் எல்லா அகலத்திலும் நேராக முட்டாததைக் கண்டு புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவார்கள். முன்தாடை கீழ்மூட்டில் சுழல்கிறது, அதனால் அப்படித்தான் இருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் இரும்பைப் பிடிக்க நேர்ந்தால் மற்ற ஓரத்தில் அதே தடிப்பான துண்டொன்றைக் கொடுங்கள். கைபிடியில் குழாய் செருகி முறுக்க வேண்டாம்.

மாரியில் பலகை ஊதும், பங்குனி சித்திரை வெயிலில் சுருங்கி நட்டுகள் தளரும். அதற்காக 19 இலக்க ஸ்பனர் ஒன்றை அந்தக் கப்பிலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.